ட்ரோன், கண்காணிப்பு கேமரா எல்லாம் வந்துவிட்ட பிறகு சிறு ஆயுதக் குழுக்கள் அரசுப் படையை எதிர்த்து நிற்பது இனி சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் அதற்கான விலையைப் பொதுமக்கள் கொடுப்பார்கள். நான் பர்மாவில், மோல்மேன் பக்கம் இருக்கிற தமிழன். இங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ட்ரோன். இங்கே அதை முதலில் நன்றாகப் பயன்படுத்தியது ராணுவம் இல்லை. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு, அதை எதிர்த்துக் காட்டுக்குப் போன பிள்ளைகள், கடையில் விற்கிற ட்ரோனையும் வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோனையும் வாங்கி குண்டு கட்டி முகாம்கள் மேல் போட்டார்கள். 2023 அக்டோபர் 27 அன்று வடக்கு ஷான் மாநிலத்தில் மூன்று ஆயுதக் குழுக்கள் சேர்ந்து தொடங்கிய தாக்குதலில் முகாம்கள் வரிசையாக விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2024 ஆகஸ்டில் அங்கே பெரிய நகரமான லாஷியோவே, அங்கிருந்த வடகிழக்கு ராணுவத் தலைமையகத்தோடு சேர்ந்து பறிபோனது. ஆனால் ராணுவம் சும்மா இருக்குமா? அவர்களும் ட்ரோன், ட்ரோனின் சிக்னலை முடக்குகிற ஜாமர் எல்லாம் வாங்கினார்கள், அப்புறம் மோட்டார் பாராசூட்டில் வந்தும் குண்டு போட ஆரம்பித்தார்கள். கருவியால் கிடைக்கிற மேல்கை கொஞ்ச காலம்தான் நிற்கும்.

மாறாமல் இருப்பது வேறு. 1960-களிலேயே இங்கே ராணுவம் 'நான்கு வெட்டு' என்று ஒரு திட்டம் போட்டது: போராளிகளுக்குப் போகிற சோறு, பணம், தகவல், ஆள் நான்கையும் வெட்டுவது. நடைமுறையில் அதற்கு அர்த்தம் கிராமங்களைக் காலி செய்வது, எரிப்பது, அரிசி கொண்டுபோக விடாமல் தடுப்பது. ஐராவதி டெல்டாவிலும் பெகு யோமா மலைப்பக்கமும் அதை அனுபவித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைக்கு நடப்பதும் அதேதான், வழி மட்டும் புதிது. தகவலை வெட்ட இணையத்தை நிறுத்துகிறார்கள். பணத்தை வெட்ட, சந்தேகப்பட்ட மொபைல் பணக் கணக்குகளை முடக்குகிறார்கள். சோதனைச் சாவடியில் பையைவிட போனைத்தான் அதிகம் கிளறுகிறார்கள். கிராமத்துக்குள் படை நுழைய முடியாத இடத்தில் விமானம் வருகிறது. 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியில் பாஸிஜீ என்ற ஊரில் மக்கள் கூடியிருந்த இடத்தில் குண்டு போட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. இதைப் போய் கிளர்ச்சி அடக்குதல் என்று எழுதுகிற நிபுணர்களைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நான்காவது வெட்டு, ஆள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. ராணுவத்துக்கு ஆள் குறைந்ததும் ஒரு காரணம், ஆனால் காட்டுக்குப் போகக்கூடிய வயசுப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள். எங்கள் தமிழ்க் குடும்பங்களிலும் பேச்சு முழுக்க அதுதான், பையனைத் தாய்லாந்துக்கு அனுப்பலாமா மலேசியாவுக்கு அனுப்பலாமா என்று. கோயில் திருவிழாவில் காவடி தூக்க இளவட்டம் குறைந்துபோய்விட்டது.

இத்தனைக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. தாய்லாந்து எல்லைப் பக்கம் கரேன் இன மக்களின் படைகள் 1949-லிருந்து எதிர்த்து நிற்கின்றன, ஊர் ஆதரவு இருக்கிற வரை வானத்திலிருந்து மட்டும் அடித்து ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது.

என்னைக் கேட்டால் ட்ரோனைவிட எல்லையைக் கவனியுங்கள். அவ்வளவு உயிர் கொடுத்துப் பிடித்த லாஷியோ 2025 ஏப்ரலில் சீனாவின் மத்தியஸ்தத்தில் ராணுவத்திடமே திரும்பப் போனது. சீனா எல்லை வாயில்களை மூடி நெருக்கியது, சரக்கு வராமல், லாஷியோவைப் பிடித்து வைத்திருந்த குழுவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ராணுவத்தால் வெட்ட முடியாத சோற்றையும் பணத்தையும் பக்கத்து நாடு வெட்டியது. இனி வரும் சிறு போர்கள் பலவும் இப்படித்தான் முடிவுக்கு வரும் என்று நினைக்கிறேன்.