சொந்த செஸ் டோர்னமென்ட் ஆட்டங்களை நாமே அலசினால் பயன் உண்டா, எஞ்சினில் (செஸ் அலசும் கணினி நிரலில்) போட்டுப் பார்த்தால் போதாதா?

கேள்வி கேட்டவர் கீழே இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார். "ஆறு மாதமாக எல்லா ஆட்டத்தையும் எஞ்சினில் போட்டுப் பார்க்கிறேன், ரேட்டிங் அசையவே இல்லை" என்கிறார். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்களும் என்னைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு, கோச் யாரும் இல்லாமல், லீவு சொல்லிவிட்டு டோர்னமென்ட் ஆடுகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளையாக இருந்தால் இதைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். உங்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனுக்கான புள்ளி, 1612. அதிலும் ஒரு பகுதி உழைத்து வாங்கியது கிடையாது. 2024 மார்ச்சில் உலக செஸ் சம்மேளனமான ஃபிடே, 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ரேட்டிங்கைத் தூக்கிவிட்டது. 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதம் சேர்த்துக் கொடுத்தார்கள். என் 1240 ஒரே ராத்திரியில் 1544 ஆனது. மிச்சமுள்ள 68 புள்ளிதான் என் சம்பாத்தியம். "68 புள்ளிக்கு இவ்வளவு பேச்சா" என்று கேட்க ஒருவர் வருவார், தெரியும். வரட்டும். 37 வயதில், வேலையும் பார்த்துக்கொண்டு, அந்த 68 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஐஸுக்கு ஆள் வராது. பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான் என்பதால் ஊர் ஊராக டோர்னமென்ட் நடக்கும். என் சதுரங்க வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு மாதத்துக்குள் அடங்கியது.

2024 மே மாதம் மதுரையில் ஒரு டோர்னமென்ட். ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். முதல் நாளே தாமதமாகப் போனேன். எங்கள் ரயில் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1914ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6 அன்று. இடைப்பட்ட இரண்டே கால் வருடம் தீவுக்காரர்கள் எல்லோருக்கும் பஸ்தான் கதி. பஸ்ஸில் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. சாலைப் பாலத்தின் நடுவில் வேனை நிறுத்திவிட்டு இறங்கி செல்ஃபி எடுக்கிறார்களே, அவர்கள் மேல்தான் வருத்தம். ஒரு வேன் நின்றால் பின்னால் வருகிற வேனும் நிற்கும். கடலை வாழ்க்கையில் முதல் தடவை பார்க்கிறார்கள், சரி. ஆனால் பின்னால் நிற்கிற பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இருப்பார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை இருக்கும். அன்றைக்கு நானும் இருந்தேன். போர்டில் போய் உட்கார்ந்தபோது என் கடிகாரத்தில் 17 நிமிடம் ஓடியிருந்தது. (அந்தச் சாலைப் பாலம் திறந்த 1988லேயேதான் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனார், நானும் பிறந்தேன். மூன்றில் நாட்டுக்கு உபயோகமானவை இரண்டு.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாவது ரவுண்டில் எதிரே பதினோரு வயதுப் பையன். கால் தரையில் படவில்லை. நான் வெள்ளை. முப்பத்தெட்டாவது நகர்வில் நிலவரம் இது: இரண்டு பேருக்கும் ஒவ்வொரு யானை, நந்நான்கு சிப்பாய். என் யானை டி1 என்ற கட்டத்தில், ராஜா ஜி1ல். அவன் ராஜா இ6ல். அவன் யானையைக் கொண்டுவந்து டி5ல், என் யானைக்கு நேர் எதிரே, வெட்டிக்கொள் என்று வைத்தான். நான் வெட்டினேன். அவன் ராஜாவால் திருப்பி வெட்டினான். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. அவன் ராஜா நட்ட நடுவில் நிற்கிறார், என் ராஜா இன்னும் மூலையில் கிடக்கிறார். சிப்பாய் ஆட்டத்தில் ராஜாதான் பெரிய காய். அவர் நடந்துபோய் என் சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

ஆட்டம் முடிந்து வெளியே மரத்தடியில் அவன் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். பையனிடம் கேட்டேன், "தம்பி, நான் வெட்டாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?" தயிர் சாதத்தை வாயில் வைத்துக்கொண்டே சொன்னான்: "நீங்க வெட்டுவீங்க அங்கிள். மூணாவது ரவுண்டுல பக்கத்து போர்டுலதான் இருந்தேன். நீங்க எதையும் விட்டு வைக்க மாட்டீங்க."

ஊர் திரும்பும் வரை அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று ராத்திரியே ஆட்டத்தை லீசெஸ் என்கிற செஸ் தளத்தில் ஏற்றி, ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினை ஓடவிட்டேன். முப்பத்தெட்டாவது நகர்வு பெரிய தப்பு என்று இரண்டு கேள்விக்குறி போட்டது. வெட்டாமல் யானையை ஒரு கட்டம் தள்ளி இ1ல் வைத்தால் செக், அவன் பதில் சொன்னதும் ராஜாவை எஃப்1க்குக் கொண்டுவா, ஆட்டம் சமம் என்றது. நானும் "ஓகோ, யானை இ1" என்று தலையாட்டிவிட்டு லேப்டாப்பை மூடினேன். நீங்கள் ஆறு மாதமாகச் செய்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த நிலை இன்னொரு ஆட்டத்தில் அப்படியே எனக்கு வரப்போவதில்லை. அப்புறம் யானை இ1 என்று தெரிந்து என்ன பிரயோஜனம்?

எஞ்சின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். எஞ்சின் சொன்னது சரி. ஆனால் நான் ஏன் வெட்டினேன் என்று அதற்குத் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் இரண்டு நாளில் மறந்துவிடும்.

தடைக்காலத்தில் கம்பெனியில் ஈ ஓட்டுகிற வேலைதான். ஒரு நீள நோட்டை எடுத்து பேரேடு மாதிரி பத்தி போட்டேன். அதுவரை ஆடிய 31 ரேட்டிங் ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. உண்மையில் 33 ஆட்டம். ஒரு ஊரில் கார்பன் இல்லாத ஒற்றைத் தாள் கொடுத்தார்கள், முடிந்ததும் அதையும் வாங்கிக்கொண்டார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளவாவது விடுங்கள் என்று கேட்டதற்கு நேரமில்லை என்றார்கள். ஸ்கோர் ஷீட் நடத்துகிறவர்களின் சொத்து என்று விதியிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் என் இரண்டு ஆட்டத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? சுண்டல் மடித்திருப்பார்கள்.

அந்த 31ல் 14 தோல்வி. ஒவ்வொரு தோல்வியிலும் கையால் போர்டில் காய் வைத்து நகர்த்தி, எங்கே தடம் மாறியது என்று எஞ்சின் இல்லாமல் எழுதினேன். நேரத்துக்கு ஒரு பத்தி. ஸ்கோர் ஷீட்டில் நகர்வுக்குப் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமுள்ள நேரத்தைக் குறித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. எனக்கு அந்தப் பழக்கம் முதலிலிருந்தே உண்டு, கணக்குப்பிள்ளை புத்தி. மேலே காற்றாடி ஓடினால் தாள் பறக்கும் என்று ஒரு கிலோ எடைக்கல்லை நோட்டின் மேல் வைத்துக்கொண்டு, நான்கு நாள் உட்கார்ந்தேன்.

14ல் 9 ஆட்டத்தில் ஒரே கதை. வெட்டுக்கு வெட்டு என்று ஒரு நிலை வருகிறது. எதிராளி வெட்டாமல் காத்திருக்கிறார். நான் அரை நிமிடத்துக்குள் வெட்டிவிடுகிறேன். அதுவும் கையில் இருபது, முப்பது நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு. அவர் திருப்பி வெட்டும்போது அவருடைய காய் ஒன்று ஓசியில் ஒரு அடி முன்னால் வந்துவிடுகிறது.

பையனிடம் தோற்ற ஆட்டத்தையே மறுபடி பார்த்தேன். நான் வெள்ளையில் ஆடுவது லண்டன் சிஸ்டம் என்ற தொடக்க முறை. என் பிஷப் எஃப்4ல் நிற்கும், கறுப்பு தன் பிஷப்பை டி6ல் கொண்டுவந்து எதிரே நிறுத்தும். நான் எப்போதும் வெட்டிவிடுவேன். கறுப்பு ராணி டி6ல் வந்து வெட்டி, கம்பீரமாக உட்கார்ந்துவிடும். வெட்டாமல் ஜி3க்குப் பின்வாங்கினால் என்ன? அவன் வந்து வெட்டட்டும். நான் ஹெச் சிப்பாயால் திருப்பி வெட்டினால் மூலையில் இருக்கிற என் யானைக்கு ஹெச் வரிசை திறந்துவிடும். அப்போது முன்னால் வருவது என் ஆள்.

ஒன்பதாவது நகர்வில் அவன் ராணியை வெளியே கூப்பிட்டதும் நான்தான், முப்பத்தெட்டாவது நகர்வில் அவன் ராஜாவை நடுவுக்கு அழைத்ததும் நான்தான். இரண்டும் ஒரே தப்பு. ஆனால் எஞ்சின் ஒன்பதாவது நகர்வுக்கு ஒரு குறியும் போடவில்லை. அங்கே கால் சிப்பாய் அளவுக்குக்கூடக் கணக்கு மாறவில்லை. அது பெரிய ஓட்டையை மட்டும்தான் காட்டும். சின்னச் சின்னதாக எல்லா ஆட்டத்திலும் ஒழுகுவதை நாம்தான் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். உலக சாம்பியனாக இருந்த போட்வின்னிக், உன் ஆட்டத்தை நீயே அலசி, அதை அச்சில் போட்டு, மற்றவர்கள் குறை சொல்லட்டும் என்று விடச் சொன்னவர். எனக்கு அச்சில் போட வசதியில்லை. குறை சொல்ல மட்டும் வீட்டிலேயே ஆள் இருந்தது.

சித்தப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். செஸ் தெரியாது, ஆடு புலி ஆட்டத்தில் கில்லாடி. ஒரு நாள் கம்பெனிக்கு வந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு "வெட்டு, வெட்டுன்னு எழுதி வச்சிருக்கியே, என்னடா இது" என்றார். சொன்னேன். "ஏன்டா, அவன் வெட்டச் சொன்னானா? புலியே தாண்டுறதுக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வெட்டும்" என்றார். அதை அப்படியே நோட்டின் அட்டையில் எழுதிவைத்தேன்.

ஏன் வெட்டுகிறேன் என்பதையும் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஆட்டம் முடிந்த அன்றைக்கே, எஞ்சினைத் திறக்குமுன், அந்த நேரத்தில் மனதில் ஓடியதை எழுத ஆரம்பித்தேன். பொய் இல்லாமல். "போர்டில் காய் குறைந்தால் பயம் குறையும்" என்று மூன்று ஆட்டத்தில் ஏறக்குறைய அதே வார்த்தையில் எழுதியிருக்கிறேன். எதிராளி என்ன செய்வானோ என்ற தவிப்பைத் தாங்க முடியாமல் முடித்துவிடுகிறேன். இதை எந்த எஞ்சின் சொல்லும்?

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆட்டம் முடிந்ததும் எதிராளி சம்மதித்தால் அவரோடு பத்து நிமிடம் பேசுங்கள், சின்னப் பையனாக இருந்தாலும் கூச்சப்படாதீர்கள். அன்று இரவே நினைத்ததை எழுதுங்கள், நேரத்தோடு. எஞ்சின் அடுத்த நாள். இருபது ஆட்டம் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பாருங்கள், குறிப்பாகத் தோற்றதை. ஒரு ஆட்டத்தை மட்டும் பார்த்தால் யானை இ1 என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. "இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்பவர்களுக்கு, ஆமாம், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. செய்யவில்லை.

இந்த வருடம் தடைக்காலத்தில் ரயிலிலேயே மதுரைக்குப் போனேன், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நாலாவது ரவுண்டில் அதே பையன். உயரம் கூடியிருந்தது, ரேட்டிங்கும்தான். மறுபடி லண்டன், மறுபடி டி6ல் பிஷப். நான் ஜி3க்குப் போனேன். அவன் நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தான். அப்புறம் இரண்டு மணி நேரம் நான் எதையுமே வெட்டவில்லை. இருபத்தேழாவது நகர்வில் அவன் குதிரை ஒன்று என் சிப்பாய்க்கு எட்டும் இடத்தில், காப்பார் இல்லாமல் நின்றிருக்கிறது. ஏதோ பொறி என்று நினைத்துப் பதினோரு நிமிடம் யோசித்து, அதையும் விட்டுவிட்டேன். முடிந்த பிறகு, "அங்கிள், அது சும்மா கவனிக்காம வச்சது" என்றான். ஆட்டம் அவனுக்கு. நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட வேண்டியிருக்கிறது.