அடுத்தவர் சாமி

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜை முடிந்து எல்லோருக்கும் பொரி கொடுத்தோம். பல வருடமாகக் கூட வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தோழி, "தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். நான் வேளாங்கண்ணிக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள். எல்லாச் சாமியும் ஒன்று என்று நம்மால் நினைக்க முடிகிறது, அவர்களால் ஏன் முடியவில்லை? நம் சாமியைப் பற்றித் தெரிந்துகொண்டுதான் மறுக்கிறார்களா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உங்கள் தோழி சரஸ்வதியை எடைபோட்டுப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார். தன் ஆண்டவருக்கு உண்மையாக இருக்க வேண்டுமே என்ற கவலைதான் அவருக்கு. பைபிளில், கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்திலேயே இந்தச் சிக்கல் வருகிறது. விக்கிரகம் என்பது ஒன்றுமில்லை, படைத்ததைச் சாப்பிடுவதால் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை என்கிறது எட்டாம் அதிகாரம். பத்தாம் அதிகாரமோ, அது பேய்களுக்குப் படைத்தது என்கிறது. கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடலாம், 'இது படைத்தது' என்று யாராவது சொல்லிவிட்டால் வேண்டாம் என்றும் அங்கேயே இருக்கிறது. பூஜைப் பொரியை வாங்கிக்கொள்ளும் கிறிஸ்தவர்களும் வாங்காதவர்களும் இருக்கிறார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை. 'பேய்' என்ற சொல் வலிக்கத்தான் செய்கிறது, எனக்கும்தான்.

அப்புறம், 'எல்லாச் சாமியும் ஒன்று' என்கிறோமே, அதிலும் ஒரு மறுப்பு இருக்கிறது. "யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார்தாம் வருவர்" என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பாடுகிறார். எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அந்தத் தெய்வமாகச் சிவனே வருவார் என்று பொருள். மேடைகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். பாட்டு மேலே போகிறது: மற்றத் தெய்வங்கள் வேதனைப்படும், இறக்கும், பிறக்கும், வினை செய்யும், இவை இல்லாத சிவனே அறிந்து அருள் செய்வான். இயேசுவிடம் ஜெபிக்கும் உங்கள் தோழியிடம், 'நீங்கள் கும்பிடுவது சிவனைத்தான்' என்று சொன்னால் அவருக்கும் வலிக்கும்தானே?

தெரிந்துகொண்டு மறுத்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். அவ்வளவு படித்தும் சைவராகவே இருந்தார். விளக்கு, தூபம், நைவேத்தியம், தீட்டு என்று சைவர்களின் வழக்கங்களைப் பாதிரிமார் இழித்துப் பேசியபோது, 1854-இல் வந்த 'சைவ தூஷண பரிகாரம்' என்ற தன் நூலில், இவற்றுக்கு இணையானவை பழைய ஏற்பாட்டிலேயே கர்த்தரின் கட்டளைகளாக இருக்கின்றனவே என்று எடுத்துவைத்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா? நியாயமான கேள்வி, எனக்கு மிகவும் பிடித்த வாதம்.

ஆனால் அதே நாவலர், கண்ணகி சமண மரபில் வந்தவள் என்று சொல்லி, ஈழத்துச் சைவர்களிடையே இருந்த கண்ணகி வழிபாட்டை எதிர்த்தார். பைபிளை அத்தனை பொறுமையாகப் படித்தவர், தன் ஊர்ப் பெண்கள் கண்ணகிக்கு ஏன் பொங்கல் வைத்தார்கள் என்று கேட்பதில் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. நாவலர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இந்த இடத்தில் மட்டும் அவரோடு உடன்பட முடியவில்லை.