கறுப்புக்குள் இருக்கும் நிறங்கள்

கேள்வி: அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் படங்களில் மனிதர்கள் அனைவரும் ஒரே கருங்கறுப்பாக இருக்கிறார்கள். கறுப்பின மக்களின் தோலில் எத்தனையோ சாயல்கள் உண்டே? அவர்களில் ஒருவரான அவரே இப்படித் தீட்டுவது அவர்களைக் கேலிச்சித்திரம் ஆக்கிவிடாதா?
– திருச்சி வாசகி ஒருவர்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. 1955இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த மார்ஷல், அந்தக் கேலி உருவத்தையே எதிர்கொண்டுதான் தம் வழியைக் கண்டடைந்தார். 1980இல் முட்டைக்கரு கலந்த வண்ணத்தில் அவர் வரைந்த சின்னஞ்சிறு தன்னுருவப் படத்தில், கறுப்புப் பின்னணியில் கறுப்பு முகம் கரைந்துபோக, கண்களும் பல்லிடைவெளி தெரியும் சிரிப்பும் சட்டையின் வெண்மையும் மட்டுமே எஞ்சுகின்றன. கண்ணெதிரே இருந்தும் காணப்படாமல் போகும் ஒருவரின் நிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன ஓவியம் வேறொன்று எனக்கு நினைவில் இல்லை.

அதன் பிறகு அவர் கறுப்பைக் குறைக்கவில்லை; அதை வளப்படுத்தினார். எலும்பைக் கரியாக்கிச் செய்யும் கறுப்பு, புகைக்கரிக் கறுப்பு, இரும்பு ஆக்சைடிலிருந்து கிடைக்கும் கறுப்பு ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டு, அவற்றில் நீலம், பச்சை, ஊதா ஆகியவற்றைச் சேர்த்து, ஒன்று குளிர்ந்தும் மற்றொன்று வெதுவெதுப்பாகவும் தோன்றும் பல கறுப்புகளை அவர் உருவாக்கிக்கொண்டார். வெள்ளையைக் கலந்து முகத்தை வெளுக்கச் செய்யாமலே கன்னத்தின் திரட்சியையும் கழுத்தின் நிழலையும் அவரால் காட்ட முடிவது இதனால்தான். கேலிச்சித்திரத்தின் கறுப்பு தட்டையானது, அதற்குள் ஆள் இல்லை. மார்ஷலின் கறுப்பு அப்படிப்பட்டதன்று.

வெளிர்ந்த தோலே அழகு என்ற அளவுகோலை அவர் நேரடியாக விசாரிக்கும் படம், 2012இல் தீட்டிய ‘அழகுப் பள்ளி, பண்பாட்டுப் பள்ளி’. கறுப்பினப் பெண்கள் நிறைந்த ஓர் அழகு நிலையத்தின் நடுவே, டிஸ்னி திரைப்படத்தின் பொன்னிறக் கூந்தல் கொண்ட இளவரசியான ‘தூங்கும் அழகி’யின் தலை கோணலாக நீண்டு மிதக்கிறது, பெரியவர்கள் எவரும் பொருட்படுத்தாத அதை ஒரு குழந்தை மட்டும் குனிந்து உற்றுப் பார்க்கிறது. 1533இல் ஜெர்மானிய ஓவியர் ஹோல்பைன் தம் ‘தூதர்கள்’ ஓவியத்தில், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மட்டுமே சரியாகத் தெரியும்படி மண்டை ஓட்டைச் சிதைத்து வரைந்த அதே உத்தி இது. ஐரோப்பிய ஓவிய மரபு கறுப்பின மக்களுக்கு இடம் தராதபோதும் அதை உதறிவிடாமல், அதன் உத்திகளையும் பிரம்மாண்டமான அளவையும் கற்றுத் தம் மக்களுக்காக அவர் பயன்படுத்திக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கைப்பேசித் திரையிலும் மலிவான அச்சிலும் இந்தக் கறுப்புகள் ஒன்றாகிவிடுகின்றன. நல்ல அச்சில் வந்த ஓவியத் தொகுப்பு கிடைத்தால், முகங்களை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.