புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடைக்காளான்: கேள்வி பதில்

கேள்வி: மழைக்குப் பிறகு புல்தரையில் வட்டமாகப் பெரிய வெள்ளைக் காளான்கள் முளைத்திருக்கின்றன. மேலே பழுப்புச் செதில்கள். என்ன வகை?

பதில்: பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். நச்சுக் காளான். குடை 10 முதல் 30 செ.மீ. வரை விரியும். நடுவில் பழுப்புத் திட்டு, ஓரத்தை நோக்கிச் சிதறிய செதில்கள், தண்டில் ஒரு வளையம். முற்றியபின் குடையின் அடி மடிப்புகள் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும்.

கேள்வி: என்னுடையதில் மடிப்புகள் வெள்ளையாகத்தானே இருக்கின்றன? அப்படியென்றால் வேறு வகையா?

பதில்: அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இளசில் இதுவும் வெள்ளைதான். பலர் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். ஸ்போர் தூளின், அதாவது மடிப்புகளிலிருந்து உதிரும் விதை போன்ற நுண்துகள்களின், நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் இந்த நச்சுக் காளான்தான். நன்றாக விரிந்த குடையாக எடுத்து, தண்டை ஒட்ட நறுக்குங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் மடிப்புகள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தால் மூடுங்கள். மாலையில் வைத்தால் காலையில் தூள் படிந்திருக்கும். மெல்லிய படிவில் பச்சை சரியாகத் தெரியாது. பிளேடு முனையால் வழித்துக் குவித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தூளே விழவில்லையென்றால் குடை விரியாதது, அல்லது காய்ந்துபோனது. வேறொன்றை எடுத்து மறுபடி வையுங்கள்.

கேள்வி: தூள் அடர்பழுப்பாக வந்தது. சாப்பிடலாமா?

பதில்: அது கடையில் விற்கும் பட்டன் காளானின் இனமான அகாரிகஸாக இருக்கலாம். அதிலும் நச்சு வகை உண்டு: தண்டின் அடியை வெட்டியதும் பளிச்சென்று மஞ்சளாகி, பினாயில் போன்ற நெடி அடித்தால் சாப்பிடாதீர்கள். மஞ்சளாகவில்லை என்பதும் சாப்பிட உத்தரவாதமல்ல. காளானை நேரில் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தூள் வெள்ளையாக இருந்து, மண்ணோடு தோண்டும்போது அடியில் உறைபோன்ற கிண்ணமும் இருந்தால் அது அமானிட்டாவாக இருக்கலாம். அதில் உயிரைக் கொல்லும் வகைகள் உண்டு. அதனால் அடையாளம் பார்க்க எடுக்கும்போது பிடுங்காமல் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் கிண்ணம் மண்ணிலேயே தங்கிவிடும்.

கேள்வி: காளானோடு வேகவைத்த வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லை, பூச்சியும் தின்றிருக்கிறது. நல்ல காளான்தானே?

பதில்: இல்லை. இரண்டு சோதனையும் பொய்.

கேள்வி: குழந்தை கடித்துவிட்டால்?

பதில்: வாயைத் துடைத்து, மீதிக் காளானைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பச்சை ஸ்போர் காளானென்றால் வழக்கமாக 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். 6 மணி நேரம் தாண்டித் தொடங்கும் வாந்தி இன்னும் ஆபத்து. அது கல்லீரலைத் தாக்கும் அமானிட்டா நஞ்சாக இருக்கலாம். வாந்தி நின்றதும் குணமாகிவிட்டது என்று வீடு திரும்பாதீர்கள்.

கேள்வி: வேண்டாத காளானைக் கையால் பிடுங்கி எறியலாமா?

பதில்: தாராளமாக. தொட்டால் ஒன்றும் ஆகாது. மண்ணுக்குள் பூஞ்சை இழைகள் இருப்பதால் மறுபடி முளைக்கும். குழந்தைகளோ நாய்களோ விளையாடும் இடமென்றால் மழைக்காலத்தில் தினமும் காலையில் பிடுங்கிவிடுங்கள்.