உயரத்துக்குப் பயப்படும் பேத்தியை உள்ளரங்குப் பாறையேற்றத்துக்கு அழைத்துப் போகலாமா?

போகலாம். ஆனால் முதல் தடவை நான் அழைத்துப் போன மாதிரி போகாதீர்கள்.

ஏழு வயதுப் பேத்தி சுவரைப் பார்த்ததும் காலைக் கட்டிக்கொள்கிறாள், கொஞ்சம் வற்புறுத்தி ஏற்றிவிட்டால் பயம் தெளியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு எட்டு வயது. நாங்கள் சேலம். ஏற்காட்டுக்கு அவளை எத்தனையோ முறை கூட்டிப் போயிருக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடியும்வரை அவள் அம்மா மடியிலிருந்து முகத்தை எடுக்க மாட்டாள். பகோடா பாயின்ட்டில் மற்றப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது, இவள் பத்தடி பின்னால் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். 'அவளுக்கு உயரம் ஆகாது' என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். அதையும் அவள் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டிருந்தோம்.

காலாண்டு விடுமுறையில், நகரில் செயற்கைச் சுவர் உள்ள ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனேன். கிளம்பும் முன், ஆர்வம் வரட்டுமே என்று 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் வேகப் பாறையேற்றத்தைக் கைபேசியில் காட்டினேன். 15 மீட்டர் சுவரை ஆண்கள் ஐந்தே வினாடிக்குள் ஏறி முடிக்கிறார்கள், பல்லி கெட்டது. பார்த்துவிட்டு, "நானும் இப்படி ஓட வேண்டுமா தாத்தா?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

இடுப்பில் பட்டை கட்டி, கயிறு மாட்டி, எட்டடி வரை நன்றாகவே ஏறினாள். அங்கே நின்றுவிட்டாள். கீழே இருந்து நான், "இன்னும் ஒரே ஒரு கை, கண்ணு" என்றேன். வைத்தாள். "இன்னும் ஒன்று." அதையும் வைத்தாள். மூன்றாவது முறை கேட்டபோது சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். 'ஒரே ஒன்று' என்று சொல்லிவிட்டு மூன்று கேட்டவன் நான். பிள்ளை என்னை எப்படி நம்பும்? அழுகைக்கு நடுவே அவள் சொன்னதுதான் முக்கியம். "பயமாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. "எப்படி இறங்குவது?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏற்காட்டிலும், மலை ஏறும்போது ஏதோ பாட்டு முணுமுணுப்பாள். இறங்கும்போதுதான் வாயே திறக்க மாட்டாள்.

அடுத்த வாரம் போனபோது இதைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. ஏற்றுவதைப் பற்றிப் பேசவே இல்லை. சுவரில் பதித்திருக்கும் பிடிகளில் இரண்டே இரண்டு ஏறச் சொல்லி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், "இப்போது கையை விட்டு ஊஞ்சலில் உட்கார்வது போல உட்காரு" என்றாள். கயிறு சற்று நீளும், அரைச்சாண் கீழே இறங்கும், பிறகு தாங்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொன்னாள். அந்த அரைச்சாணைச் சொல்லாமல் விட்டிருந்தால் அன்றும் அழுகைதான். பிறகு மூன்றடியில், பிறகு ஐந்தடியில். 'இறக்கு' என்று சொன்னால் மறுகேள்வி இல்லாமல் உடனே இறக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். என் பேத்தி முதல் பத்து நிமிடத்தில் ஆறு முறை 'இறக்கு' சொன்னாள். நான்காவது முறையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது: பயந்து சொல்லவில்லை, எங்களைச் சோதித்துப் பார்க்கிறாள். ஆறு முறையும் இறக்கினோம்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், இறங்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே நின்று வாயை மூடிக்கொள்ளுங்கள். தாத்தாக்களுக்கு இதுதான் கடினம்.

மற்றவை சில்லறை விஷயங்கள், ஆனாலும் தெரிந்துகொண்டு போங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும், கீழே இழுத்தால் நழுவக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பே இருக்காதே, அவர்களுக்குத் தோளோடு சேர்த்துக் கட்டும் முழுப்பட்டை கேளுங்கள். ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் கயிற்றின் எட்டு வடிவ முடிச்சையும் பட்டைக் கொக்கியையும் பயிற்சியாளர் பார்க்கிறாரா என்று நீங்களும் பாருங்கள். கயிறு பிடிக்கும் வேலையை ஆசைக்குக்கூட நீங்கள் கையில் எடுக்காதீர்கள்; அது பயின்றவர் வேலை. ஆளில்லாமல் தானே கயிறைச் சுருட்டி, கையை விட்டால் மெல்ல இறக்கும் பெட்டியும் சில இடங்களில் உண்டு. நல்ல சாதனம்தான், ஆனால் தயங்கும் பிள்ளைக்கு முதல் நாள் வேண்டாம் என்பேன். பெட்டியிடம் 'இறக்கு' என்று சொல்ல முடியாது, தானாகக் கையை விட்டால்தான் உண்டு. கயிறே இல்லாமல் மெத்தை மேல் ஏறும் குட்டைச் சுவரிலும் விளையாடலாம். அங்கே விழும்போது முழங்காலை மடக்கி விழ வேண்டும், கையைப் பின்னால் ஊன்றக் கூடாது.

நகம் வெட்டியிருக்க வேண்டும், தலைமுடி கட்டியிருக்க வேண்டும். கொலுசைக் கழற்ற வேண்டும். சேலத்துப் பிள்ளையிடம் கொலுசைக் கழற்றச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? அரை மணி நேரப் பேச்சுவார்த்தை நடந்தது.

கையால் இழுத்து ஏறினால் ஐந்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும், கால் கட்டைவிரலை ஊன்றி எழ வேண்டும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். ஒரே நிறப் பிடிகளைப் பிடித்துத்தான் ஏற வேண்டும் என்ற விதியை இப்போதைக்கு யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கை வியர்த்தால் பூசிக்கொள்ள ஒரு பையில் வெள்ளைப் பொடி தருவார்கள். விரலில் தேய்த்துப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடம் கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன் நான். அந்தப் பொடி மெக்னீசியம் கார்பனேட். எங்கள் வெள்ளைக்கல்லும், அதாவது மேக்னசைட்டும், அதேதான். வெள்ளைக்காரன் பார்த்துவிட்டுச் சுண்ணக்கட்டி என்று நினைத்து 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தான். பையில் இருக்கும் பொடியையும் 'சாக்' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் சாக் இல்லை. உருக்காலை உலையின் சூட்டைத் தாங்கும் செங்கல்லுக்குப் போகிற கல் அது என்று பேத்தியிடம் சொன்னேன்.

"இது நீங்கள் வெட்டியதா தாத்தா?"

"இல்லை கண்ணு. இது வேறு எங்கோ அரைத்தது. சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்."

அன்று முதல் ஏறும் முன் இரண்டு கையிலும் அப்பிக்கொள்கிறாள், தேவைக்கு மேல் மூன்று மடங்கு.

இதுவரை ஐந்து முறை போயிருக்கிறோம். உச்சியை இன்னும் தொடவில்லை. சுவரில் பாதிக்கு மேலே பச்சை நிறத்தில் வட்டமாக, தட்டையாக ஒரு பிடி இருக்கிறது. அதற்குத் 'தட்டுவடை' என்று பெயர் வைத்திருக்கிறாள். போன வாரம் அதில் இரண்டு கையையும் வைத்துவிட்டு, திரும்பிக் கீழே பார்த்து, அவளாகவே 'இறக்கு' என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து நிஜத் தட்டுவடை செட் இரண்டு தட்டு சாப்பிட்டோம்.

வீடு திரும்பியதும் என் வேட்டி முழுக்க வெள்ளைக் கைத்தடம். என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது, இன்னுமா சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்?" என்றாள்.