கைவிட்ட சுரங்கக் குழியில் மண்ணைக் கொட்டி மரம் நட்டால் பூங்கா ஆகிவிடாதா?

ஆகாது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய சுரங்க நிலம் ஒன்றைப் பூங்காவாக்கும் வேலைக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன், மழைக்காலத்தில் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் அடுத்த கோடையிலேயே பட்டுப்போயின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், நட்ட குழியைத் தாண்டி ஒரு வேர்கூடப் போகவில்லை, தொட்டிச் செடிபோல உள்ளேயே சுற்றிச் சுற்றி உருண்டையாகக் கிடந்தது. ஆண்டுக்கணக்கில் லாரியும் புல்டோசரும் ஓடி இறுகின தரை அது. கடப்பாரையே எகிறும் இடத்தில் இளவேர் என்ன செய்யும்? நடுவதற்கு முன்னால் ஆழமாகக் கீறிக் கிளறியிருக்க வேண்டும்.

ஆனால் மண்ணுக்கும் முன்னால் தண்ணீரைப் பாருங்கள். குழி என்றால் சுற்றுவட்டார நீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். இங்கிலாந்தில் கார்ன்வாலில் இருக்கும் ஈடன் ப்ராஜெக்ட் என்ற தாவரத் தோட்டம் (2001இல் திறந்தார்கள்) சுமார் 60 மீட்டர் ஆழமுள்ள பழைய களிமண் குழிக்குள்தான் இருக்கிறது, அதன் அடித்தளம் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கீழே. எல்லோரும் அங்கே செடி வளர்க்கும் குமிழி வடிவக் கூடாரங்களைப் படம் பிடித்துப் போடுகிறார்கள், அடியில் ஓயாமல் வேலை செய்யும் வடிகால் இல்லையென்றால் அது வெறும் ஏரிதான். மண்ணும் அங்கே சும்மா கிடைக்கவில்லை. சுரங்கக் கழிவு மணலோடு மட்கு கலந்து 80,000 டன்னுக்கு மேல் அவர்களே தயாரித்தார்கள்.

நிலக்கரி அல்லது உலோகச் சுரங்கமாக இருந்தால் இன்னொரு தலைவலி. பாறையிலுள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். ஓடைத் தண்ணீர் துருநிறத்தில் வருகிறதா, கன்று வாங்க வைத்திருக்கும் காசில் அந்த அமிலத்தை முறிக்க முதலில் சுண்ணாம்பு வாங்குங்கள்.

சரி, தண்ணீர் நிறைந்தால் நிறையட்டும், படகு விடலாமே என்று சிலர் கேட்பார்கள். விடலாம், கரை நின்றால். ஜெர்மனியில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில் பழுப்பு நிலக்கரிக் குழியை ஏரியாக்கிக்கொண்டிருந்தபோது, 2009 ஜூலையில் கரை சரிந்து வீடுகள் உள்ளே போயின, 3 பேர் இறந்தார்கள். அதனால் சரிவைச் சாய்வாகவோ படிபடியாகவோ வெட்டி நிலைப்படுத்தாமல் மக்களை உள்ளே விடவே கூடாது.

அப்புறம், குழியையே மூடிச் சமதளமாக்கிவிடலாம் என்ற யோசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கொட்டிய மண் பல ஆண்டுகளுக்கு ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக அமுங்கிக்கொண்டே இருக்கும், மேலே போட்ட நடைபாதை விரிசல் விடும். அதோடு, இருப்பதிலேயே அழகான விஷயம் அந்தப் பாறைச் சுவர்தான், அதைப் புதைத்துவிட்டுப் புல்தரை போடுவானேன்? பாரீஸின் பூட்-ஷோமோன் பூங்கா 1867இல் திறந்தது, ஜிப்சம் வெட்டிய இடம், ஏரி நடுவே செங்குத்தாக நிற்கும் பாறைத் தீவுதான் இன்றும் அதன் முகம். கனடாவில் ஜெனி புட்சார்ட் தன் கணவரின் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழியைத் தோட்டமாக்கியபோது, கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து இறங்கி, பாறை இடுக்குகளில் கொடிகளைச் செருகினாராம்.

எங்கள் இடத்தில் இரண்டாம் முறை தரையைக் கீறிவிட்டு, மண்ணைத் தேற்றுவதற்காக முதலில் புல்லும் பயறு வகைச் செடிகளும் மட்டும் விதைத்தோம். பார்க்க வந்தவர்கள் "என்ன, வெறும் களையாக இருக்கிறதே" என்றார்கள். மரம் நட்டது அடுத்த மழைக்குத்தான், அவை இன்னும் நிற்கின்றன.