41 வேண்டாம், 36 மி.மீ. வாங்குங்கள்

விழாவுக்கு அணிய 36 மி.மீ., 41 மி.மீ. விட்டமுள்ள இரண்டு கடிகாரங்களில் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். 16 செ.மீ. சுற்றளவுள்ள உங்கள் மணிக்கட்டுக்கு 36 மி.மீ. கடிகாரமே பொருந்தும். 41 மி.மீ. கடிகாரம் முழுக்கைச் சட்டையில் சிக்குகிறது என்கிறீர்கள், சிக்கத்தான் செய்யும்.

பெரும்பாலும் காரணம் விட்டம் அல்ல, வார் மாட்டும் கொம்புகளின் நுனிக்கு நுனி நீளம். மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டினால் கொம்பு அந்தரத்தில் நிற்கும், துணி அதில் மாட்டும். மறுபடி புதுச்சேரி நேரு வீதிக் கடைக்குப் போகும்போது ஸ்கேல் கொண்டுபோய் இரண்டு கடிகாரங்களிலும் அந்த நீளத்தை அளந்து பாருங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு, ஆளுயரக் கண்ணாடியில் பாருங்கள். கண்ணருகே பிடித்தால் எந்தக் கடிகாரமும் பெரிதாகவே தெரியும்.

சிறியது பெண்களுக்கானது என்று கடைக்காரர் சொன்னதை நம்பாதீர்கள். சுவிஸ் கடிகார நிறுவனமான பட்டேக் ஃபிலிப் 1932-இல் கொண்டுவந்த முதல் கலட்ராவா கடிகாரம், ஆண்களுக்கானது, சுமார் 31 மி.மீ.தான். விழாக் கடிகாரங்கள் அந்தச் சிறிய அளவுகளின் பக்கம் திரும்பியே ஆக வேண்டும் என்பேன்.

தடிமனையும் கவனியுங்கள்: 10 மி.மீ.க்கு மேல் போனால் 36-உம் சிக்கும்.